கிள்ளினா கையில வர்ற கொழுப்புக்குத்தான் அந்த மெஷின்

கேள்வி: டாக்டர் வணக்கம், திருப்பூர்ல இருந்து எழுதுறேன். எனக்கு 36 வயசு, உயரம் 156 செ.மீ., எடை 61 கிலோ. ரெண்டும் சிசேரியன், சின்னவனுக்கு நாலு வயசு ஆச்சு. அடிவயித்துல தழும்புக்கு மேல ஒரு மடிப்பு, இடுப்புல ரெண்டு பக்கமும் கொஞ்சம் சதை, மத்தபடி வேற எங்கயும் பெருசா இல்ல. ரெண்டு வருஷமா தினமும் நடக்குறேன், ராத்திரி சாதத்தை விட்டுட்டேன், எடை அப்படியேதான் நிக்குது. இங்க ஒரு கிளினிக்ல ஆபரேஷன் இல்லாம கொழுப்பை உறைய வெச்சு கரைக்குறோம், மூணு மாசத்துல பத்து கிலோ குறையும்னு சொல்லி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து பேக்கேஜ் போட்டாங்க, பாதி பணம் கட்டிட்டோம். அவருக்கு 45 வயசு, 171 செ.மீ., 92 கிலோ, வயிறு மட்டும் கெட்டியா முன்னாடி தள்ளிட்டு நிக்கும், மூணு வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடுறார். என் தங்கச்சிக்கு 29 வயசு, ஒல்லிதான், ஆனா டபுள் சின் இருக்கு, அவளும் தாடைக்கு கீழ ஊசி போட்டுக்கலாமான்னு கேக்குறா. இது யாருக்கு செட் ஆகும், யாருக்கு ஆகாது? போன கொழுப்பு திரும்ப வருமா?

பதில்: வணக்கம் மா. நல்லா விவரமா எழுதியிருக்கீங்க, வயசு உயரம் எடை எல்லாம் இருக்கறதால என்னால சுத்தி வளைக்காம சொல்ல முடியுது. உங்களுக்கு செட் ஆக வாய்ப்பு இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு விஷயம் செக் பண்ணியே ஆகணும். உங்க வீட்டுக்காரருக்கு இது வேணாம், அவருக்கு வேண்டிய வைத்தியமே வேற. தங்கச்சிக்கு கழுத்தை நேர்ல தொட்டுப் பாக்காம யாரும் ஊசி எடுக்கக் கூடாது. அப்புறம் அந்த பத்து கிலோ, அது நடக்காது மா, உங்களுக்கும் நடக்காது அவருக்கும் நடக்காது, இந்த மெஷின் எதுவுமே எடை குறைக்குறதுக்காக வந்ததில்ல.

ஏன்னு சொல்றேன். வயித்துல கொழுப்பு ரெண்டு இடத்துல இருக்கு. தோலுக்கு கீழ, தசைக்கு மேல ஒரு அடுக்கு, அதை ரெண்டு விரலால கிள்ளி புடிச்சு தூக்கலாம். இன்னொண்ணு தசைக்கும் உள்ள, குடலையும் ஈரலையும் சுத்தி இருக்குறது, அது கையில கிடைக்காது, வயித்தை உள்ள இருந்து முன்னாடி தள்ளும். கொழுப்பை உறைய வெக்குற மெஷின், லேசர் மெஷின், அல்ட்ராசவுண்ட் மெஷின், ஊசி, எதுவா இருந்தாலும் முதல் வகையைத்தான் தொடும், ரெண்டாவது வகைகிட்ட இதுல எதுவும் போகவே போகாது. அதனால நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு ராத்திரியே வீட்டுலயே பண்ணக்கூடிய டெஸ்ட் ஒண்ணு இருக்கு: நேரா நின்னுட்டு தொப்புளுக்கு கீழ கிள்ளிப் பாருங்க. உங்களுக்கு நல்லா ஒரு இஞ்சுக்கு மேல மெத்துனு கையில வரும்னு நினைக்கிறேன். அவருக்கு வயிறு அவ்ளோ பெருசா இருந்தும் தோல்தான் கொஞ்சமா வரும், மீதி கெட்டியா விரலை எதிர்த்து நிக்கும். நீங்க எழுதின அந்த "கெட்டியா" ங்கற ஒரு வார்த்தையிலயே எனக்கு பாதி பதில் கிடைச்சுடுச்சு.

இப்போ அந்த குளிர் மெஷின் என்ன பண்ணுதுன்னு பாப்போம். மார்கழி குளிர்ல தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு போகுது, பக்கத்துலயே இருக்குற தண்ணி உறையுறதில்லயே, அதே விஷயம்தான் இங்கயும், கொழுப்பு செல்லுக்கு தாங்காத குளிர் அதை சுத்தி இருக்குற தோலுக்கும் தசைக்கும் அவ்வளவா ஒண்ணும் பண்றதில்ல. 1970-லயே ஐஸ் குச்சி சப்பின குழந்தைக்கு கன்னத்துல கொழுப்பு வீங்கி சிவந்து போனதை டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்க. அந்த மாதிரி பழைய குறிப்புகளை புடிச்சுக்கிட்டு அமெரிக்காவுல பாஸ்டன்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல்ல டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன்னு ரெண்டு தோல் டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணி 2008-ல வெளியிட்டாங்க, 2010-ல அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவ கருவிக்கும் அனுமதி குடுக்குற அரசு அமைப்பான எஃப்டிஏ இடுப்பு பக்கத்து சதைக்கு அனுமதி குடுத்தது, 2012-ல வயித்துக்கும் குடுத்தது. மெஷின் அந்த மடிப்பை உறிஞ்சி உள்ள இழுத்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் குளிர வெக்கும், அடிபட்ட கொழுப்பு செல் உடனே போயிடாது, கொஞ்சம் கொஞ்சமா செத்து உடம்பே அதை சுத்தம் பண்ண ரெண்டுல இருந்து மூணு மாசம் ஆகும்.

எவ்ளோ குறையும்? நல்ல ஆய்வுகள்ல வந்த கணக்கு, மெஷின் வெச்ச இடத்துல இருக்குற கொழுப்பு அடுக்குல சுமாரா 20-ல இருந்து 25 சதவீதம். அதாவது உங்க மடிப்பு நாலு பங்குன்னா மூணு பங்கு மிச்சம் இருக்கும். புடவை கட்டும்போதும் ஜீன்ஸ் போடும்போதும் தெரியும், போட்டோவுல தெரியும், எடை மெஷின்ல ஏறி நின்னா பெருசா எதுவும் தெரியாது. இதுதான் நேர்மையான ரிசல்ட், இதுக்கு மனசு ஒத்துக்குறவங்கதான் இந்த ட்ரீட்மென்ட்டுக்கு சரியானவங்க. எடை குறையணும்னு வர்றவங்களுக்கு மெஷின் ஒழுங்கா வேலை செஞ்சாலும் ஏமாத்தம்தான் மிஞ்சும்.

உங்க கணக்குக்கு வர்றேன். உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, 25 வருது. வெளிநாட்டு சார்ட்ல 25-ஐ தாண்டினா கொஞ்சம் எடை கூடன்னுதான் இருக்கும், நம்ம ஆளுங்களுக்கு இந்திய டாக்டர்கள் வெச்சிருக்குற அளவுகோல் இன்னும் கறார், 23-க்கு மேலயே எடை கூட, 25-ல இருந்து உடல் பருமன், பொண்ணுங்களுக்கு இடுப்பு சுற்றளவு 80 செ.மீ. தாண்டக் கூடாது, ஆம்பளைங்களுக்கு 90. அதனால நீங்க கோட்டுல நிக்கிறீங்க. மெஷின் கம்பெனிங்களே வயித்துக்கு பிஎம்ஐ 30-க்குள்ள இருக்கறவங்களுக்குன்னுதான் அனுமதி வாங்கியிருக்காங்க, அந்த விதத்துல நீங்க உள்ளதான் வர்றீங்க. உங்ககிட்ட எனக்கு ரொம்ப பிடிச்சது ரெண்டு வருஷமா எடை ஏறாம இருக்கறது. நீங்க அதை குறையா எழுதியிருக்கீங்க, நான் அதை பெரிய ப்ளஸ்ஸா பாக்குறேன். எடை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கறவங்களுக்கு இதை பண்ணினா மிஞ்சியிருக்குற செல்லுங்க திரும்ப உப்பிக்கும், காசு வீண். உங்களுக்கு எடை நிலையா இருக்கு, நடை பழக்கம் இருக்கு, கொழுப்பு ஒரே இடத்துல தங்கியிருக்கு, இந்த மூணும் சேர்ந்து இருக்கறவங்கதான் நாங்க தேடுற ஆளு.

ஆனா ரெண்டு சிசேரியன் ஆன வயிறு, அதுக்காகத்தான் செக் பண்ணணும்னு சொன்னேன். முதல்ல ஹெர்னியா, அதாவது குடல் இறக்கம். தழும்பு பக்கத்துலயோ தொப்புள்லயோ இருமும்போது, கனமா எதையாவது தூக்கும்போது புடைப்பு வந்து போகுதான்னு பாருங்க. ஹெர்னியா இருந்தா அந்த இடத்துல உறிஞ்சுற மெஷினை வெக்கவே கூடாது, முதல்ல சர்ஜன்கிட்ட போகணும். சந்தேகம் இருந்தா ஒரு ஸ்கேன் பண்ணிடுங்க, அதுக்கு சோம்பல் வேணாம்.

அடுத்தது நிறைய பேருக்கு தெரியாத விஷயம், இதுல நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன் ஏன்னா குழந்தை பெத்த பொண்ணுங்க இதுலதான் அநியாயத்துக்கு பணத்தை விடுறாங்க. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு வயித்தோட நடு தசை ரெண்டு பக்கமா விலகி அப்படியே நின்னுடும், வயிறு ரிலாக்ஸா விட்டா அஞ்சு மாச கர்ப்பம் மாதிரி தெரியும், காலையில தட்டையா இருக்கும், சாயங்காலம் ஆக ஆக உப்பும். இது கொழுப்பே இல்ல. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, தலையை மட்டும் லேசா தூக்கி, தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுவுல விரலை குத்தவெச்சு பாருங்க, ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி உள்ள போச்சுன்னா தசை விலகியிருக்கு. இதுக்கு பிசியோதெரபிஸ்ட்கிட்ட முறையா உடற்பயிற்சி கத்துக்கணும், ரொம்ப அதிகமா இருந்தா சர்ஜரி. கொழுப்பை உறைய வெச்சா இதுல ஒரு நூல் கூட மாறாது. வீடியோ பாத்துட்டு கண்டபடி சிட்-அப் எடுக்காதீங்க, விலகின தசைக்கு எந்த பயிற்சி ஒத்துக்கும்னு நேர்ல பாத்துதான் சொல்லணும்.

மூணாவது, மடிப்பு கொழுப்பா இல்ல வெறும் தோலா. தழும்புக்கு மேல தொங்குற மடிப்பை கிள்ளினா கனமா மெத்துனு இருக்கா, இல்ல மெல்லிசா துணி மாதிரி சுருங்குதா? மெல்லிசா இருந்தா அது தளர்ந்த தோல், உள்ள இருக்குற கொழுப்பையும் குறைச்சா இன்னும் தொங்கித்தான் போகும். விட்டுட்டா சட்டுனு பழைய இடத்துக்கு திரும்புற தோலுக்குத்தான் இந்த ட்ரீட்மென்ட் அழகா உக்காரும். தழும்பை சுத்தி இன்னமும் மரத்துப் போய் இருக்கா, அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, உணர்ச்சி இல்லாத இடத்துல குளிர் வெக்கும்போது கூடுதல் கவனம் வேணும். அப்புறம் பீரியட்ஸ் ஒழுங்கா வருதான்னு நீங்க எழுதல. வரலைன்னா தைராய்டு, பிசிஓஎஸ்ங்கற சினைப்பை ஹார்மோன் கோளாறு ரெண்டையும் பாத்துட்டு வாங்க, உள்ள ஒரு காரணம் இருக்கும்போது வெளிய மெஷின் வெக்குறதுல அர்த்தம் இல்ல. இன்னொரு குழந்தை யோசனை இருந்தாலும், இந்த ட்ரீட்மென்ட்டை தள்ளிப் போடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தாலும் குளிரே ஒத்துக்காத சிலர் இருக்காங்க. குளிர்ந்த தண்ணி பட்டா உடம்புல தடிப்பு வர்றவங்க, குளிர்ல விரல் வெள்ளையாகி நீலமாகுறவங்க, கிரையோகுளோபுலினீமியா, கோல்ட் அக்ளுட்டினின் மாதிரி குளிருக்கு ரத்தத்துல ரியாக்‌ஷன் வர்ற அபூர்வமான நோய் இருக்கறவங்க, இவங்களுக்கு கண்டிப்பா கூடாது. அந்த இடத்துல எக்ஸிமா, ஆறாத புண் இருந்தா கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, சுகரால நரம்பு பாதிச்சு உணர்ச்சி குறைஞ்சவங்க, டாக்டர் யோசிச்சு முடிவு பண்ணணும், ரிசப்ஷன்ல உக்காந்து பேக்கேஜ் போடுறவங்க இல்ல. உங்ககிட்ட இந்த கேள்வி எதையாவது யாராவது கேட்டாங்களா? கடிதத்துல அப்படி எதுவும் இல்ல, அதுதான் எனக்கு கவலையா இருக்கு.

பக்க விளைவையும் முழுசா சொல்லிடுறேன். சிவப்பு, கன்னிப்போறது, மரத்துப் போறது எல்லாம் சகஜம், மரப்பு சில வாரம் கூட இருக்கும், சிலருக்கு நாலஞ்சு நாள் கழிச்சு சுருக் சுருக்னு வலி வரும், அதுவும் போயிடும். ஆனா ஒண்ணு தானா போகாது. சிலருக்கு மெஷின் வெச்ச இடத்துல கொழுப்பு குறையுறதுக்கு பதிலா சில மாசம் கழிச்சு கெட்டியா, மெஷினோட வடிவத்துலயே வளர்ந்து நிக்கும். 2014-லதான் முதல் கேஸை மருத்துவ இதழ்ல எழுதினாங்க. 2021-ல லிண்டா எவாஞ்சலிஸ்டான்னு உலகப் புகழ் மாடல் தனக்கு இப்படி ஆச்சுன்னு வெளிப்படையா சொன்னதுக்கு அப்புறம்தான் பொது ஜனத்துக்கே தெரிஞ்சுது. இது அபூர்வம்தான், ஆனா கம்பெனி முதல்ல சொன்னதை விட அதிகமா நடக்குதுன்னு அப்புறம் வந்த ஆய்வுகள் சொல்லுது, ஆம்பளைங்களுக்கு கொஞ்சம் கூடுதலா வருது. வந்துட்டா உடற்பயிற்சிலயோ டயட்லயோ போகாது, குழாய் விட்டு கொழுப்பை உறிஞ்சுற ஆபரேஷன், அதாவது லைப்போசக்‌ஷன் பண்ணித்தான் எடுக்கணும். ஆபரேஷன் வேணாம்னு வந்து கடைசியில ஆபரேஷன்ல போய் நிக்க வேண்டியிருக்கும்னு தெரிஞ்சே கையெழுத்து போடணும், இதை உங்களுக்கு சொல்லாம கையெழுத்து வாங்கியிருந்தா அது தப்பு.

லேசர்ல சூடு பண்ற மெஷினும் இருக்கு, 1060 நானோமீட்டர் லேசர், உள்ள கொழுப்பை 42-ல இருந்து 47 டிகிரி வரைக்கும் சூடாக்கும், குளிர் ஒத்துக்காதவங்களுக்கு அது ஒரு வழி, ரிசல்ட் கிட்டத்தட்ட அதே அளவுதான். காந்த அலையில தசையை சுருங்க வெக்குற மெஷின் ஒண்ணும் சொல்லுவாங்க, உடம்புல பேஸ்மேக்கர், இரும்பு ப்ளேட், காப்பர்-டி இருந்தா முதல்லயே சொல்லிடணும்.

இப்போ உங்க வீட்டுக்காரர். பிஎம்ஐ 31 தாண்டுது, வயிறு கெட்டி, சுகர் இருக்கு. அவர் வயித்துக்குள்ள இருக்குற கொழுப்புதான் சுகரையும் ஈரல் கொழுப்பையும் இழுத்துட்டு வருது, அதுக்கு எந்த மெஷினும் கிடையாது. மேல இருக்குற கொழுப்பை எடுத்தா சுகர் குறையுமேன்னு சிலர் கேப்பாங்க, அதை நேரடியாவே சோதிச்சுப் பாத்திருக்காங்க. 2004-ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, குண்டா இருந்த 15 பெண்களுக்கு லைப்போசக்‌ஷன்ல வயித்துல இருந்து கிட்டத்தட்ட பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தாங்க, அதுல பாதி பேர் சுகர் பேஷன்ட், பத்து பன்னெண்டு வாரம் கழிச்சு பாத்தா இன்சுலின் வேலை செய்யுறதுலயோ பிரஷர்லயோ கொலஸ்ட்ரால்லயோ முன்னேற்றமே இல்ல. பத்து கிலோ எடுத்தே அப்படி மா.

அதே ஆள் சாப்பாட்டுல எடை குறைச்சா கதையே வேற, ஏன்னா அப்போ உள்கொழுப்பு முதல்ல கரைய ஆரம்பிக்கும். 2017-ல பிரிட்டன்ல வந்த டைரக்ட் ஆய்வுல, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்களை டாக்டர் மேற்பார்வையில கட்டுப்பாடான டயட்ல வெச்சாங்க, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட பாதி பேருக்கு மாத்திரையே இல்லாம சுகர் நோய்னு சொல்ற அளவுக்கு கீழ வந்துச்சு, 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல பத்துக்கு எட்டு பேருக்கு மேல அப்படி ஆச்சு. உங்க வீட்டுக்காரருக்கு மூணு வருஷம்தான் ஆகுது, இந்த நேரம் அவருக்கு தங்கமான நேரம். அதுக்காக நாளைக்கே சாதத்தை நிறுத்தி பட்டினி போடாதீங்க, சுகர் மாத்திரை சாப்பிட்டுட்டு பட்டினி கிடந்தா லோ சுகர் ஆகி மயக்கம் வரலாம், மாத்திரை அளவை டாக்டர்தான் குறைக்கணும். ஒரு நல்ல ஃபிசிஷியன்கிட்ட கூட்டிட்டு போய் எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்), ஈரல், கொலஸ்ட்ரால் பாத்து, டயட்டா, எடை குறைக்குற புது மருந்துகளான்னு உக்காந்து பேசுங்க. பேக்கேஜுக்கு வெச்சிருந்த பணம் அதுக்கு போகட்டும்.

திரும்ப வருமான்னு கேட்டிருந்தீங்க. செத்த கொழுப்பு செல் திரும்ப வராது, ஆனா இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். 2008-ல ஸ்டாக்ஹோம்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட் ஆளுங்க ஒரு அருமையான ஆராய்ச்சி பண்ணாங்க, 1950, 60-கள்ல வெடிச்ச அணுகுண்டு சோதனையால காத்துல கலந்த கார்பனை நம்ம செல்லுக்குள்ள தேடி கொழுப்பு செல்லோட வயசை கணக்கு போட்டாங்க. பெரியவங்க ஆனதுக்கு அப்புறம் கொழுப்பு செல் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாம இருக்கு, வருஷத்துக்கு பத்து சதவீதம் செத்து அதே அளவு புதுசா பொறக்குது, எடை குறைஞ்சாலும் செல் சுருங்குதே தவிர எண்ணிக்கை குறையல. அதனால நீங்க எவ்ளோ நடந்தும் அந்த ஒரு மடிப்பு மட்டும் போகாததுக்கு நீங்க குத்தம் சொல்லிக்க ஒண்ணுமே இல்ல. மெஷின் அந்த இடத்துல கொஞ்சம் செல்லை கொல்லும், சரி, ஆனா மிச்சம் இருக்குற செல்லுங்க சாப்பாட்டை பொறுத்து பெருசாகும், நாலஞ்சு கிலோ ஏறிட்டா மடிப்பும் திரும்ப தெரியும்.

தங்கச்சி விஷயம். ஒல்லியான பொண்ணுக்கு டபுள் சின் தெரியுதுன்னா நான் முதல்ல பக்கவாட்டுல இருந்து முகவாயை பாப்பேன். முகவாய் எலும்பு சின்னதா உள்வாங்கி இருந்தா கொழுப்பே இல்லாம கூட டபுள் சின் மாதிரி தெரியும், அதுக்கு ஊசி உதவாது. ஒரு மடக்கு தண்ணி குடிக்க சொல்லி கழுத்தை பாருங்க, முழுங்கும்போது வீக்கம் மேல ஏறி இறங்குச்சுன்னா தைராய்டு பாக்கணும். உமிழ்நீர் சுரப்பி, நெறிக்கட்டி எல்லாம் கையால தொட்டு பாத்து இல்லைன்னு ஆனதுக்கு அப்புறம்தான் கொழுப்புன்னு சொல்லணும். கொழுப்புதான்னா டிஆக்ஸிகோலிக் ஆசிட் ஊசி இருக்கு, 2015-ல எஃப்டிஏ அனுமதிச்சது, அதுவும் தாடைக்கு கீழ மட்டும்தான், வயித்துக்கும் கைக்கும் இல்ல. மாசத்துக்கு ஒண்ணா அதிகபட்சம் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் நல்லா வீங்கும், கல்யாணம் விசேஷம் பக்கத்துல வெச்சுக்கிட்டு போட்டுக்க கூடாது. தாடை ஓரமா ஓடுற நரம்புல பட்டா சிரிப்பு கொஞ்ச நாளைக்கு ஒரு பக்கம் கோணும், பெரும்பாலும் சரியாயிடும், ஆனாலும் அந்த நரம்பு எங்க ஓடுதுன்னு தெரிஞ்ச கை போடணும். ஆன்லைன்ல கொழுப்பு கரைக்குற ஊசின்னு பாட்டில் விக்கிறாங்களே, அதை வாங்கவே வேணாம், 2023-ல எஃப்டிஏ அந்த மாதிரி அனுமதி இல்லாத ஊசியால தழும்பு, இன்ஃபெக்‌ஷன், கட்டி எல்லாம் வந்திருக்குன்னு எச்சரிச்சிருக்கு.

கட்டின பணத்தை பத்தி. பணம் கட்டிட்டோமேங்கறதுக்காக அவரை அந்த மெஷின்ல படுக்க வெக்காதீங்க. கிளினிக்ல போய் டாக்டரை பாக்கணும்னு கேளுங்க, மேனேஜரை இல்ல. மெஷின் பேர் என்ன, எந்த அனுமதி இருக்கு, எத்தனை இடத்துல வெக்க போறீங்க, யார் வெப்பாங்க, கொழுப்பு வளர்ந்துட்டா யார் பொறுப்பு, இதை எழுதி கேளுங்க. பத்து கிலோன்னு சொன்னதையும் எழுத்துல தர சொல்லுங்க, தர மாட்டாங்க, அப்போ அவரோட பங்கு பணத்தை திருப்பி கேக்க உங்களுக்கு காரணம் கிடைச்சுடும். உங்க பங்கை உடனே கேன்சல் பண்ண வேணாம், ஹெர்னியா இல்ல, தசை விலகல் இல்ல, தோல் நல்லா இருக்குன்னு பாத்துட்டு, அந்த ஒரு மடிப்புல நாலுல ஒரு பங்கு குறைஞ்சா போதும்னு உங்களுக்கு தோணுச்சுன்னா பண்ணிக்கோங்க, தாராளமா. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் மரத்துப் போன இடம் எவ்ளோன்னும் சேர்த்து எழுதுங்க, பாத்து சொல்றேன்.